கட்டை பேரல் போட்டா குரூப் நெசமாவே சுருங்குமா? பொண்ணு ரைஃபிளுக்காகக் கேக்குறேன்

திருநகர்_அப்பா
ஞாயிறு, இரவு 9:40

அண்ணன்மாரே அக்காமாரே வணக்கம். ரெண்டு வருசமா இங்க படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், எழுதுறது இதான் மொத தடவ.

என் பொண்ணுக்கு பதினாலு வயசு. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுறா, ஒன்றரை வருசமாச்சு. ஒல்லியான புள்ள, நாப்பத்தொரு கிலோ. ரைஃபிள் பிசிபி (காத்த முன்னாடியே அழுத்தி அடைச்சு வச்சு சுடுற வகை), செகண்ட் ஹேண்டுல ஒரு பெரிய பையன்கிட்ட இருந்து வாங்குனது, நல்ல மேட்ச் ரைஃபிள்தான், நாலரை கிலோவுக்கு மேல வரும். அறுபது ஷாட் மேட்ச்ல நாப்பதாவது ஷாட் வரைக்கும் 10.2, 10.4ன்னு அழகா போகுது, அதுக்கப்புறம் ரைஃபிள் மூக்கு கீழ எறங்க ஆரம்பிச்சுருது, டார்கெட்டுல ஆறு மணிப் பக்கம், அதாவது நேர் கீழ, 9.3, 9.1ன்னு விழுது. முடிச்சுட்டு வந்து இடது தோளப் புடிச்சுக்கிட்டு பேசாம உக்காந்துருவா, பாக்கவே மனசு கேக்க மாட்டேங்குது.

போன வாரம் ரேஞ்ச்ல ஒருத்தர், பேரல பத்து அங்குலத்துக்கு தனியா செஞ்சு போட்டுருங்க சார், முன்னாடி கனம் போயிரும், கட்டை பேரல் விறைப்பா நிக்கும் அதனால குரூப் (சுட்ட ஓட்டையெல்லாம் சேந்து விழுற பரப்பு) சின்னதாகும், பெல்லட்டும் சீக்கிரம் வெளிய வந்துருமா அதனால கை ஆடுனா கூட தெரியாதுன்னாரு. பக்கத்துல நின்ன இன்னொருத்தர், பேரல் நீளமா இருந்தாத்தான் குறி நிக்கும், கட்டை பேரல்லாம் கிட்ட சுடத்தான்னு ஒரே அடியா அடிச்சுட்டாரு. மொத ஆளு தெரிஞ்ச எடத்துல நாப்பதாயிரத்துக்குள்ள முடிச்சுத் தரேங்குறாரு. எனக்கு அது ரெண்டு மாச சம்பளம். போட்டா பிரயோசனம் உண்டுன்னா கடன வாங்கியாவது போட்டுருவேன். யாரு சொல்றது சரி?


உசிலை_ஸ்ப்ரிங்
ஞாயிறு, இரவு 10:25

அண்ணே நீளமா இருந்தாத்தான் குறி நிக்கும்னு சொன்னவரு தப்பு, அத மொதல்ல சொல்லிருறேன். நீளத்துக்கும் குறிக்கும் நேரடியா சம்பந்தமே கெடையாது. வைய்ராவ் கம்பெனி ஸ்ப்ரிங் ரைஃபிள் எச்டபிள்யூ 97கேன்னு ஒண்ணு இருக்கு, அந்த ‘கே’ங்குற எழுத்தே ஜெர்மன்ல கட்டைன்னுதான் அர்த்தம், பேரல் முப்பது செ.மீ.தான், ஃபீல்டு டார்கெட் போட்டியில எத்தனையோ பேரு அதத்தான் வச்சு சுடுறாய்ங்க. ஏர் ஆர்ம்ஸ் டிஎக்ஸ்200லயும் எச்.சி.ன்னு ஒரு கட்டை மாடல் உண்டு. ஸ்ப்ரிங் ரைஃபிள்ல பிஸ்டன் ஒரே தள்ளுல காத்த அமுக்கி விட்டுருது, இருபது இருபத்தஞ்சு செ.மீ.க்குள்ள பெல்லட் எடுக்க வேண்டிய வேகத்த எடுத்துரும், அதுக்கு மேல பேரல் வெறும் உரசல்தான்.

வெடிமருந்து பக்கம் பாத்தாலும் ரெமிங்டன் 1963ல எக்ஸ்பி-100ன்னு ஒரு போல்ட் ஆக்‌ஷன் பிஸ்டல் விட்டாய்ங்க, பேரல் பத்தே முக்கால் அங்குலம், ரைஃபிளுக்குப் பக்கத்துல வச்சுப் பேசுற அளவுக்கு குரூப் குடுத்துச்சு. அதனால என் ஓட்டு கட்டை பேரலுக்குத்தான், விறைப்புன்னு ஒண்ணு இருக்குல்ல.


புதூர்_லேத்
திங்கள், காலை 6:15

வெள்ளன எந்திரிச்சதும் இதப் படிச்சேன், பட்டறை தொறக்கிறதுக்குள்ள எழுதிப்புடணும்னு உக்காந்துட்டேன். புதூர் சிட்கோவுல இருபத்திரெண்டு வருசமா லேத் ஓட்டுறேன், துப்பாக்கி வேல எடுக்குறதில்ல, எடுக்கவும் கூடாது. ஆனா நானும் ரேஞ்சுக்குப் போறவன், கடைசல் வேலையில இருக்கவன் பாக்குற பார்வையில ரெண்டு விசயம் சொல்லணும்.

நல்ல ஏர் ரைஃபிள் பேரல்ல கடைசி ஒரு அங்குலம் ஒன்றரை அங்குலம் மட்டும் துளை கொஞ்சூண்டு இறுக்கமா இருக்கும், அதத்தான் சோக்குங்குறது. லோதர் வால்தர் மாதிரி பேர் போன பேரல்ல இது இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ரெண்டு மூணு பங்குதான் வித்தியாசம். ஆனா கை கண்டுபுடிச்சுரும். ஒரு பெல்லட்ட பின்னாடி வச்சு பித்தளைக் கம்பியால மெல்லத் தள்ளிப் பாத்தா வழி நெடுக ஒரே சீரா போகும், வாய்க்குக் கிட்ட வந்ததும் கம்பி சட்டுன்னு கனக்கும், கொஞ்சம் அழுத்தம் கூடக் குடுத்தாத்தான் பெல்லட் வெளிய வரும். அந்தக் கடைசி இறுக்கம்தான் ஒவ்வொரு பெல்லட்டையும் ஒரே அளவுக்கு ஒழுங்கு பண்ணி, ஆட்டமில்லாம வெளிய அனுப்புது. இப்ப பேரல முன்னாடி இருந்து வெட்டுனா மொதல்ல போறது அந்த சோக்குதான். கட்டையாக்கி குரூப்ப சின்னதாக்குறேன்னு சொல்லி குரூப்புக்கு உயிர் எங்க இருக்கோ அதையே வெட்டி குப்பையில போடுறது.

ரெண்டாவது கிரவுன். பெல்லட் கடைசியா தொடுற விளிம்பு. நாலு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தர் பழைய ஸ்ப்ரிங் ரைஃபிள் பேரல கொண்டாந்தாரு, வீட்டுலயே ரம்பத்துல மூணு அங்குலம் அறுத்து அரத்தால ராவி வச்சிருந்தாரு, அண்ணே முன்னாடி அஞ்சு ரூவா காசுக்குள்ள விழுந்துச்சு இப்ப டீ டம்ளர் அளவுக்கு செதறுது என்னான்னு பாருங்கன்னாரு. காது குடையுற பஞ்சுக் குச்சிய உள்ள விட்டு சுத்தி இழுத்தேன். ஒரு பக்கம் மட்டும் பஞ்சு நாலஞ்சு இழை விளிம்புல மாட்டிக்கிட்டு நின்னுச்சு. அங்க பிசிறு. லென்ஸ் வச்சுப் பாத்தா ஒரு சால்ல (துளைக்குள்ள இருக்க மரைப் பள்ளம்) முடி மாதிரி இரும்பு உள்ள மடிஞ்சு கெடக்கு, விளிம்பும் ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. பெல்லட்டோட பாவாடை (பின்பக்க விளிம்பு) ஒரு பக்கம் முன்ன விடுபடும், மறு பக்கம் பின்ன விடுபடும், முன்ன விடுபட்ட பக்கமா காத்து பீச்சி அத சாய்ச்சு விட்டுரும். இதுல நான் கை வைக்கலண்ணே, பாத்ததச் சொல்லி அனுப்பிட்டேன். அந்த மனுசன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு, அது அவங்க அப்பா வச்சிருந்த ரைஃபிளாம்.

அதனால ‘கட்டை பேரல்’னு ஒரே சொல்லா சொல்லாதீங்க. கம்பெனியே கட்டையா வடிவமைச்சு வாயில சோக் வச்சு அனுப்புனது வேற. நீளமானத வெட்டுனது வேற. உசிலை தம்பி சொன்னது பூராம் மொத வகை.


புதுசா_வந்தவன்
திங்கள், காலை 11:02

ஒரு சின்ன சந்தேகம், தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க. பேரல் கட்டையா இருந்தா பெல்லட் உள்ள சரியா சுத்தாதுல்ல? முழு சுத்து சுத்துறதுக்குள்ள வெளிய வந்துருமே, அப்ப எப்படி நேரா போகும்?


சின்னபோர்_மேலூர்
திங்கள், மதியம் 1:30

நல்ல கேள்வி தம்பி, எனக்கும் ஆரம்பத்துல இதே எண்ணம்தான். உள்ள எத்தன சுத்து சுத்துச்சுங்குறது கணக்கே இல்ல, வாயத் தாண்டும்போது என்ன வேகத்துல சுத்துதுங்குறதுதான் கணக்கு. ஏர் ரைஃபிள்ல ரைஃபிளிங் மரை ஏறக்குறைய 45 செ.மீ.க்கு ஒரு சுத்து. பெல்லட் செகண்டுக்கு 170 மீட்டர்ல வெளிய வந்தா, 170ஐ 0.45ஆல வகுத்தா செகண்டுக்கு முன்னூத்து எழுபதுக்கு மேல சுத்து. பேரல் 42 செ.மீ. இருந்தாலும் 24 செ.மீ. இருந்தாலும் வேகமும் மரையும் ஒண்ணுன்னா சுத்தும் ஒண்ணுதான். 42 செ.மீ. பேரல்லயே உள்ள முழுசா ஒரு சுத்து கூட முடியுறதில்ல பாத்துக்க.


சின்னபோர்_மேலூர்
திங்கள், மதியம் 2:10

இப்ப திருநகர் அண்ணனுக்கு. நான் .22ல (சின்ன தோட்டா ரைஃபிள்) 50 மீட்டர் ப்ரோன், அதாவது படுத்துக்கிட்டு, சுடுறவன், கணக்கு போட்டுப் பாக்குறது என் பழக்கம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

விறைப்பு விசயத்துல அந்த ஆளு சொன்னது நெசம். ஒரு பக்கம் இறுக்குன கம்பி மாதிரிதான் பேரல், நுனியில ஒரே விசை பட்டா வளையுறது நீளத்தோட மூணாவது அடுக்குல கூடும், அதாவது 25 அங்குலத்த 20 ஆக்குனா நீளம் அஞ்சுல ஒரு பங்குதான் கொறையுது ஆனா விறைப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்காயிருது. ஆனா ஏர் ரைஃபிள்ல இது யாருக்கு வேணும்? 0.53 கிராம் பெல்லட், செகண்டுக்கு 170 சில்லறை மீட்டர், சக்தி எட்டு ஜூல் கூட இல்ல, விரல் தண்டி இரும்பு இதுக்கு எங்க ஆடப் போகுது. மேட்ச் ரைஃபிள் பெட்டியில கம்பெனி சுட்டுப் பாத்த டெஸ்ட் கார்டு ஒண்ணு வரும்ல, அஞ்சு ஷாட்டும் சேந்து ஒரே ஓட்டை, அஞ்சு மில்லிமீட்டருக்குப் பக்கத்துலதான் இருக்கும், பெல்லட்டே நாலரை மில்லிமீட்டர். அதுல இன்னும் என்னத்த சுருக்க?

அடுத்து ‘சீக்கிரம் வெளிய வந்துரும், கை ஆடுனா தெரியாது’. 42 செ.மீ. பேரல கடக்க பெல்லட்டுக்கு சுமாரா மூணரை மில்லி செகண்ட், கட்டை பேரல்ல ரெண்டேகாலுன்னு வைங்க, மிச்சம் ஒண்ணேகால் மில்லி செகண்ட். பாப்பா குறி டார்கெட்டுல செகண்டுக்கு இருபது மில்லிமீட்டர் வேகத்துல ஆடுதுன்னே வச்சுக்குவோம். அந்த ஒண்ணேகால் மில்லி செகண்டுல அது நகருறது 0.025 மி.மீ. நம்ம டார்கெட்டுல ஒரு பாயிண்டுக்கு 2.5 மி.மீ., அப்ப 0.1க்கு கால் மில்லிமீட்டர். அதாவது நாப்பதாயிரம் குடுத்து 10.2 அப்படியே 10.2ஆ இருக்கும், 10.3க்குப் போற தூரத்துல பத்துல ஒரு பங்குதான் நகரும்.

இப்ப நட்டம் எவ்வளவுன்னு பாப்போம். நாம சுடுறது டயாப்டர் சைட்ல (சின்ன ஓட்டை வழியா பாத்து குறி வைக்கிறது), ஸ்கோப்புல இல்ல. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல 80 செ.மீ. இருக்குன்னா, முன் சைட் வளையத்துக்குள்ள கருப்புப் புள்ளி 0.1 மி.மீ. தள்ளி நின்னா பத்து மீட்டர்ல ஒண்ணேகால் மி.மீ. தப்பு. பேரல வெட்டி சைட்டையும் பின்னாடி இழுத்து 60 ஆக்குனா அதே 0.1க்கு 1.67 மி.மீ. தப்பு. அதாவது கட்டையாக்குனதுல ஒரு ஷாட்டுக்கு 0.1, 0.2 பாயிண்டு கண்ணு வழியா போயிரும். இதுக்குத்தான் பெரிய கம்பெனிக்காரன் பேரல கட்டையா வச்சுட்டு அதுக்கு முன்னாடி வெறும் அலுமினியக் குழாய மாட்டி அதுமேல சைட்ட வைக்கிறான். வெளிய இருந்து பாத்தா நீளமான பேரல் மாதிரி தெரியும், உள்ள பேரல் பாதியிலயே முடிஞ்சிருக்கும். அண்ணே, உங்க ரைஃபிள்லயும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், முன்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க.


திருநகர்_அப்பா
திங்கள், இரவு 8:50

டார்ச் அடிச்சுப் பாத்தேன் அண்ணே. நீங்க சொன்ன மாதிரியேதான். வாயில இருந்து ஒரு சாண் உள்ளதான் நெசமான பேரல் முடியுது, முன்னாடி இருக்கது வெறும் குழாய். இத்தன நாள் கையில வச்சுக்கிட்டு எனக்கு இது தெரியல. அவகிட்ட காட்டுனேன், அப்பா அப்ப நம்மகிட்ட ஏற்கெனவே கட்டை பேரல்தான் இருக்கான்னு கேட்டா.


உசிலை_ஸ்ப்ரிங்
திங்கள், இரவு 10:05

மேலூர் அண்ணன் கணக்கு சரி, ஏர் ரைஃபிளுக்கு நான் ஒத்துக்கிறேன். ஆனா .22லயும் பெரிய கேலிபர்லயும் கட்டை பேரல் தனியா செய்யுறதுல அர்த்தம் இருக்குன்னுதான் இன்னும் சொல்லுவேன். .22 எல்ஆர்ல 16 அங்குலத்துக்குள்ள மருந்து எரிஞ்சு முடிஞ்சுருது, அதுக்கு மேல வேகம் ஏறாது, ரொம்ப நீளமானா உரசல்ல கொறையக் கூட செய்யும். 69 செ.மீ. பேரல் எதுக்கு? அமெரிக்காவுல ஹூஸ்டன் ஊர்ல 1980கள்ல ஒரு பெரிய கோடவுனுக்குள்ள காத்தே அடிக்காத எடத்துல பெஞ்ச்ரெஸ்ட் (மேசை மேல ரைஃபிள வச்சு சுடுற போட்டி) காரய்ங்க ராத்திரி ராத்திரியா சுட்டுப் பாத்தாய்ங்க, அங்க நல்லாருக்குன்னு வந்த பேரல் நீளம் 21 முக்கால் அங்குலம்.


சின்னபோர்_மேலூர்
திங்கள், இரவு 11:15

தம்பி நீயே சொல்லிட்ட பாரு, 21 முக்கால். பத்து இல்ல, பன்னெண்டு இல்ல. நடுத்தரமான நீளம், ஆனா நல்ல தண்டி. விறைப்பு நீளத்தால மட்டும் வர்றதில்ல, விட்டம் நாலாவது அடுக்குல வேல செய்யும், கொஞ்சம் தண்டி கூட்டுனாலே நீளத்த வெட்டுறத விட அதிகமா கெடைச்சுரும்.

இன்னொண்ணும் இருக்கு. பேரல் ஆடுறது எப்பவும் எதிரி இல்ல. .22 தோட்டாவுல ஒண்ணுக்கொண்ணு வேகம் செகண்டுக்கு மூணு நாலு மீட்டராவது மாறும். மெதுவா வர்றது பேரலுக்குள்ள கொஞ்சம் கூட நேரம் இருக்கும், அந்த நேரத்துல பேரல் வாய் மேல்நோக்கிப் போய்க்கிட்டு இருந்தா மெதுவா வர்ற குண்டு கொஞ்சம் மேல பாத்து வெளிய வரும், வேகமா வர்றது கொஞ்சம் கீழ பாத்து வரும், டார்கெட்டுக்குப் போகும்போது ரெண்டும் ஒரே எடத்துக்கு வந்துரும். இதுக்காகத்தான் பெஞ்ச்ரெஸ்ட்ல பேரல் நுனியில ட்யூனர்னு ஒரு எடைய மாட்டி திருகித் திருகி பாக்குறாய்ங்க. பேரல கட்டையா கட்டை மாதிரி விறைப்பா ஆக்கிட்டா இந்த உதவியே கெடைக்காது. நான் போன வருசம் பூராம் இதுலதான் மண்டைய ஒடச்சேன், ஒரே லாட் தோட்டாவ வச்சு ட்யூனர கால் சுத்து கால் சுத்தா மாத்தி சுட்டேன், மே மாசம் மத்தியானம் மேலூர்ல வெயில் மண்டையப் பொளக்குது, நோட்டுல எழுதுன மை கூட வேர்வையில அழிஞ்சுருச்சு, ஆனா குரூப் மேல கீழ நீளுறது கொறைஞ்சுச்சு. அத கண்ணால பாத்தப்ப வந்த சந்தோசம் இருக்கே, சொல்லத் தெரியல.

அன்ஷூட்ஸ் (ஜெர்மன் ரைஃபிள் கம்பெனி)லயே 1913ங்குற மாடலுக்கு 69 செ.மீ. நீளப் பேரலும் இருக்கு, 2013ங்குற மாடல்ல 50 செ.மீ. கட்டைப் பேரல் குழாயோடவும் இருக்கு. ரெண்டுலயும் மெடல் வாங்கியிருக்காங்க. அவன் 50ல நிப்பாட்டுறான், பத்து அங்குலத்துக்குப் போகல, அதையும் யோசி.


கோர்ட்_வாசல்
செவ்வாய், காலை 8:20

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். தொழில்ல வக்கீல். இத யாரும் இன்னும் சொல்லலங்குறதால எழுதுறேன்.

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 6. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி பேரல நீளம் கொறைக்கிறது குத்தம். பிரிவு 5, லைசென்ஸ் இல்லாம செய்யுறதும் ரிப்பேர் பண்ணுறதும் குத்தம். தண்டனை அபராதத்தோட போறதில்ல, ஜெயில். 2019 திருத்தத்துக்கு அப்புறம் இன்னும் கடுமையாயிருச்சு.

ஏர் ரைஃபிளுக்கு இது வராதுன்னு பல பேரு நெனைக்கிறாங்க. 2016 விதிகள்படி 0.177 அங்குல போர் (துளை விட்டம்), 20 ஜூல் இந்த அளவைத் தாண்டாத ஏர் ரைஃபிள் வச்சுக்க லைசென்ஸ் வேண்டாம்ங்குறது சரி. ஆனா சட்டத்துல ‘ஃபயர் ஆர்ம்ஸ்’னு விளக்கம் குடுக்குற எடத்துல வெடிமருந்து மட்டுமில்ல, ‘வேற விதமான சக்தி’யால குண்டு தள்ளுறதும் அடங்கும். வச்சுக்கிறதுக்குக் குடுத்த சலுகைய வெட்டுறதுக்கும் குடுத்ததா நீங்களா எடுத்துக்காதீங்க. திருநகர் சார், ‘தெரிஞ்ச எடத்துல முடிச்சுத் தரேன்’னு சொன்னாருல்ல, அந்த எடத்துக்கு லைசென்ஸ் இருக்கான்னு மொதல்ல கேளுங்க. பதில் வராது. பொண்ணு நாளைக்கு ஸ்டேட், நேஷனல்னு போக வேண்டிய புள்ள, அவ பேர்ல ஒரு கறை வேண்டாம்.


ரேஞ்ச்_அக்கா
செவ்வாய், இரவு 9:30

நேத்தே எழுதணும்னு நெனச்சேன், பிள்ளைங்க பிராக்டீஸ் முடிய நேரமாயிருச்சு. பதினோரு வருசமா சொல்லிக் குடுக்குறேன், அதுல பாதிக்கு மேல சின்னப் பிள்ளைங்கதான்.

திருநகர் தம்பி, நீங்க எழுதுனத நாலு தடவ படிச்சேன். நாப்பது ஷாட் வரைக்கும் 10.2, 10.4. அதே ரைஃபிள், அதே பேரல், அதே பெல்லட். பேரல்ல கோளாறுன்னா மொத ஷாட்லயே தெரியும், நாப்பத்தொண்ணாவது ஷாட்டுக்காக காத்துக்கிட்டு இருக்காது. சோர்ந்து போறது புள்ளையோட தோளு. இங்க எல்லாரும் இரும்பப் பத்தியே பேசுனீங்க, புள்ளயப் பத்தி யாரும் கேக்கல, அதான் எனக்கு வருத்தம்.

ஒரு விசயம் யோசிச்சுப் பாருங்க. ஏர் பிஸ்டல் பேரல் இருபத்து மூணு இருபத்து நாலு செ.மீ.தான். அத வைஸ்ல இறுக்கி சுட்டா ரைஃபிள் மாதிரியே ஒரே ஓட்டைதான் விழும். அப்படியிருந்தும் ரைஃபிள் டார்கெட்டுல பத்து வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி, பிஸ்டல் டார்கெட்டுல பதினொன்றரை மில்லிமீட்டர். ஏன் இம்புட்டு வித்தியாசம்? பேரல் கட்டைங்குறதுக்காக இல்ல, ஒத்தக் கையில நீட்டிப் புடிக்கிற மனுசனுக்காக. பேரல் எப்பவோ தன் வேலைய சரியா செஞ்சு முடிச்சுருச்சு.

நீங்க எனக்கு மூணு விசயம் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணு, ரைஃபிள வைஸ்ல ரப்பர் வச்சு இறுக்கி இல்லாட்டி மணல் மூட்டையில நல்லா உக்கார வச்சு பத்து மீட்டர்ல அஞ்சஞ்சா சுடுங்க, ரெண்டு வேற டப்பா பெல்லட்டுல. ரெண்டு, முன்னாடி எடை ஏதாவது மாட்டியிருக்கான்னு பாருங்க. மூணு, இதான் முக்கியம், பட் ப்ளேட் (தோள்ல பதியுற பின் தட்டு) எவ்வளவு வெளிய இழுத்து வச்சிருக்குன்னு பாருங்க. பெரிய பையன்கிட்ட வாங்குனதுன்னு சொன்னீங்க. அவன் கை நீளத்துக்கு வச்சத அப்படியே இந்தப் புள்ள தூக்குதுன்னா, ரைஃபிள் மொத்தமும் அவ ஒடம்ப விட்டு ரெண்டு மூணு செ.மீ. முன்னாடி தள்ளி நிக்குது. அந்தக் கனத்த சமாளிக்க அவ இடுப்பப் பின்னாடி வளைச்சு சாஞ்சிருப்பா, எலும்புல நிக்க வேண்டிய ரைஃபிள தோள் சதையால தூக்கிக்கிட்டு இருப்பா. நாப்பது ஷாட் தாங்குனதே பெரிசு.


புதூர்_லேத்
செவ்வாய், இரவு 10:10

அக்கா சொன்னதுக்கு மேல பேச்சில்ல. ஒரு கணக்கு மட்டும். பதினஞ்சு மில்லிமீட்டர் தண்டி பேரல்னா ஒரு செ.மீ.க்கு பன்னெண்டு பதிமூணு கிராம் வரும். பதினஞ்சு செ.மீ. கொறைச்சா கூட இருநூறு கிராம்தான் மிச்சம். நாலரை கிலோவுல அது எம்புட்டு. அந்த இருநூறு கிராமையும் ஸ்பேனர வச்சே கழட்டிறலாம்ல, எதுக்கு அறுக்கணும்.


திருநகர்_அப்பா
ஞாயிறு, இரவு 8:15

எல்லாருக்கும் பதில் சொல்ல லேட்டாயிருச்சு, முழுசா பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

சனிக்கெழம ரேஞ்ச் வைஸ்ல மாட்டி சுட்டோம். ஒரு டப்பா பெல்லட்டுல அஞ்சு ஷாட்டும் ஒரே ஓட்டை, வெர்னியர் வச்சு அளந்தா 5.2 மி.மீ. இன்னொரு டப்பா, அதே கம்பெனி, தலை அளவு 4.49க்குப் பதிலா 4.50, அது 6.1 வந்துச்சு. பேரலுக்கு நாப்பதாயிரம் குடுக்க இருந்த எனக்கு பெல்லட் டப்பா மாத்துனதுலயே இம்புட்டு வித்தியாசம் வருதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

முன்னாடி எடை ரெண்டு இருந்துச்சு, ஒவ்வொண்ணும் அம்பது கிராம். ரெண்டையும் கழட்டிட்டோம். பட் ப்ளேட் அக்கா சொன்னது சொன்னபடியே. அளந்து பாத்தா ரெண்டரை செ.மீ. வெளிய இருந்துச்சு, பழைய ஸ்க்ரூ தடம் கூட அப்படியே இருக்கு, ஒன்றரை வருசமா நான் அதத் தொடவே இல்ல. அத உள்ள தள்ளி வச்சதும் ரைஃபிள தூக்குனா பாருங்க, இடது முழங்கை தானா இடுப்பெலும்பு மேல வந்து உக்காந்துருச்சு. முன்னாடி அது விலா பக்கத்துல அந்தரத்துல நிக்கும். அவளே திரும்பி என்னையப் பாத்தா. எனக்கு தொண்ட அடச்சுருச்சு, இத்தன நாள் புள்ளய வதைச்சுட்டோமேன்னு.

இன்னைக்கு அறுபது ஷாட் சுட்டா. அம்பத்து மூணாவது ஷாட் 10.1. கடைசி பத்துல ஒரே ஒரு ஒம்பது, அதுவும் 9.8.


ரேஞ்ச்_அக்கா
ஞாயிறு, இரவு 8:40

வதைச்சோம்னு நெனைக்காதீங்க தம்பி, செகண்ட் ஹேண்ட் ரைஃபிள் வாங்குற வீடுகள்ல பத்துல எட்டு வீட்டுல இதே கதைதான், யாரும் சொல்லித் தர்றதில்ல. ஒரு மாசத்துக்கு ஸ்கோர் பாக்காம நிலைய மட்டும் பழகச் சொல்லுங்க, வெறும் டிரை ஃபயர், பெல்லட் போடாம. அவ வளர வளர மூணு மாசத்துக்கு ஒரு தடவ பட் ப்ளேட்ட திரும்ப அளங்க.


உசிலை_ஸ்ப்ரிங்
ஞாயிறு, இரவு 9:05

அண்ணே மனசு நெறைஞ்சுருச்சு. மொத நாள் நான் கட்டை பேரலுக்கு ஓட்டுப் போட்டேன், நீங்க அத நம்பி போயிருந்தீங்கன்னா என்னால தாங்கியிருக்க முடியாது. எங்க ஊர்ல ரெண்டு பசங்க புதுசா ஆரம்பிச்சிருக்காங்க, நாளைக்கே அவங்க பட் ப்ளேட்டப் பாக்கப் போறேன்.


திருநகர்_அப்பா
அடுத்த சனி, இரவு 7:30

அக்கா ஒரு சந்தேகம். ஒரு வாரமா நிலை மட்டும்தான் பழகுறா. இன்னைக்கு அவளா வந்து சொல்றா, அப்பா இப்ப தோளு வலிக்கல ஆனா முன்னாடி ரொம்ப லேசா இருக்கு, மூக்கு துறுதுறுன்னு ஆடுது, அந்த ரெண்டு எடையில ஒண்ண மட்டும் திரும்ப மாட்டிப் பாக்கலாமான்னு. நாலரை கிலோ கனம்னு அழுத புள்ள இப்ப அம்பது கிராம் கேக்குது. மாட்டலாமா? மாட்டுனா குழாய் நுனியிலயா இல்ல கைக்குப் பக்கத்துலயான்னு சொல்லுங்க, எடைய கையில வச்சுக்கிட்டு பக்கத்துலயே நிக்கிறா.


ரேஞ்ச்_அக்கா
அடுத்த சனி, இரவு 7:42

மாட்டுங்க. நுனியில இல்ல, கைக்கு ஒரு சாண் முன்னாடி. மாட்டிட்டு கண்ண மூடி தூக்கச் சொல்லுங்க, கண்ணத் தொறக்கும்போது குறி எங்க நிக்குதுன்னு அவளையே எழுதச் சொல்லுங்க, பத்து தடவ. நாளைக்கு அந்த நோட்ட எனக்குப் போட்டோ எடுத்துப் போடுங்க.